“டென்ஷனைக் குறையுங்கள்” என்கிறார்கள், எப்படிக் குறைப்பது?

1. கொள்ளிடக்கரை (செப்டம்பர் 14)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், வங்கிக் கிளை ஒன்றில் 16 ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். வயது 43. சென்ற மாதம் நெஞ்சு படபடத்து இடது தோளும் வலித்ததால் மருத்துவரிடம் போனேன். ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். இரத்த அழுத்தம் 138/88 இருந்தது. மற்றவை அனைத்தும் சரியாக இருந்தன. “உடம்பில் ஒன்றும் இல்லையம்மா, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான், அதை எப்படிக் குறைப்பது என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. அந்தக் கேள்வியை இந்த இணைய மன்றத்தில் வைக்கிறேன்.

காலை 4.45க்கு எழுகிறேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கும் கணவருக்கும் சாப்பாடு கட்டி வைத்து, 8.10 பேருந்தைப் பிடிக்க வேண்டும். பத்து மணிக்குக் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் வரிசை நிற்கும்; முதியவர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். சர்வர் நின்றுபோனாலும் ஏச்சு எனக்குத்தான். இடையில் காப்பீட்டுத் திட்டம் எத்தனை பேருக்கு விற்றீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்பார்கள். மாலையில் கையிருப்பு டேலி ஆகும்வரை வயிற்றில் கல் கிடப்பது போல இருக்கும். மூன்று வாரங்களுக்கு முன் 4,500 ரூபாய் குறைந்தது; என் கையிலிருந்து கட்டினேன். அன்று இரவு மகன் ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டான். நான் போட்ட கூச்சலில் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் சந்தேகம் கேட்கவில்லை.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று பல் மருத்துவர் சொல்கிறார். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வந்ததும் மனம் தானாக நோட்டுக் கட்டுகளை எண்ணத் தொடங்குகிறது. யோகா, தியானம், நல்ல எண்ணம் என்று எல்லோரும் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவை என் நாளில் எந்த இடத்தில் பொருந்தும், உடம்புக்குள் எதை மாற்றும் என்று யாராவது விளக்கினால் நன்றியோடு படிப்பேன்.

2. மூன்றாம்வரிசை

சகோதரி, நான் மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். “உடம்பில் ஒன்றும் இல்லை” என்ற சொல்லை முதலில் திருத்திக்கொள்வோம். உங்கள் உடம்பில் நோய் தென்படவில்லை என்பதே அதன் பொருள். உடம்பு எதுவும் செய்யாமல் சும்மா இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியங்கியலாளர் வால்டர் கேனன், எக்ஸ்ரே அப்போதுதான் புதிதாக வந்திருந்த காலத்தில், பூனைகளின் இரைப்பை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்ட உடனே அந்த அசைவு நின்றுபோவதைக் கண்டார். அங்கே தொடங்கிய ஆய்வுதான் 1915இல் வெளிவந்த அவருடைய நூலில் ‘எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு’ என்று நாம் இன்று அறிந்திருக்கும் விளக்கமாக விரிந்தது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தம் வயிற்றிலிருந்து கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. நீங்கள் சொன்ன வயிற்றுக் கல் கற்பனை அன்று.

இரண்டாவது சங்கிலி கொஞ்சம் மெதுவானது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்ல, கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் வெளிவருகிறது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, நீண்ட போராட்டத்துக்கு உடம்பை ஆயத்தப்படுத்துவது அதன் வேலை. இந்தக் கார்ட்டிசோல் நள்ளிரவையொட்டி மிகக் குறைந்து, பின்னிரவில் மெல்ல ஏறி, விழித்த அரை மணி நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். தூக்கமும் பின்னிரவில் மெல்லியதாகிவிடும். அதனால்தான் கவலையோடு படுத்தவர்களில் பலருக்கு மூன்று மணி, நான்கு மணி என்பது விழிப்பு நேரமாகிறது. அந்த நேரத்தில் தோன்றும் கணக்குகளை நம்பாதீர்கள். பகலில் சிறிதாகத் தெரியும் ஒன்று அப்போது மலைபோலத் தெரியும்.

சிங்கம் துரத்தினால் இந்த ஏற்பாடு நம்மைக் காப்பாற்றும், ஏனென்றால் ஓடி முடித்ததும் எல்லாம் தணிந்துவிடும். கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே நாளுக்கு முப்பது முறை அட்ரினலின் ஏறினால் ஓடுவதற்கு இடம் இல்லை. ஏறியது தணிவதற்குள் அடுத்தது ஏறுகிறது. ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936இல் கனடாவின் மான்ட்ரியலில் இருந்து ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய சிறு கட்டுரையில், வெவ்வேறு வகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகள் அனைத்திலும் அட்ரினல் சுரப்பி பெருத்திருந்ததையும் இரைப்பையில் புண் இருந்ததையும் குறித்தார். துன்பம் எதுவானாலும் உடம்பின் பதில் ஒரே சாயலில் இருக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அதற்காக எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் போட்டுவிடக் கூடாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டிய இரண்டு ஆஸ்திரேலியர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் முதலில் ஈசிஜி எடுத்தது மிகச் சரியான செயல். நெஞ்சுவலி என்றால் யாராக இருந்தாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

3. பழைய கரும்பலகை

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். மருத்துவம் அறியேன், ஆனால் எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, அதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

டென்ஷனைத் தமிழில் ‘மன அழுத்தம்’ என்கிறோம்; ஆனால் ‘அழுத்தம்’ என்பது எங்கள் புத்தகத்தில் வேறு. ஒரு கம்பியில் பளுவைத் தொங்கவிட்டால் கம்பிக்குள்ளே எழுகிற எதிர்விசையை, ஓரலகு பரப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் ‘தகைவு’ என்போம். அதனால் கம்பி தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பதைத் ‘திரிபு’ என்போம். பளு வெளியே இருப்பது. தகைவு உள்ளே எழுவது. திரிபு கண்ணுக்குத் தெரிவது. நம் பேச்சில் மூன்றையும் சேர்த்து டென்ஷன் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அம்மா எழுதியதைப் படித்தபோது வரிசையும் இலக்கும் மாமியாரின் நோயும் பளு, படபடப்பு தகைவு, மகனிடம் போட்ட கூச்சல் திரிபு என்று எனக்குப் பிரிந்து தெரிந்தது.

மீட்சி எல்லை என்று ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும்வரை பளுவை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். ஒரே கம்பியை ஆய்வகத்தில் நாள் முழுவதும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால், எல்லைக்குள் இருந்தாலும் அதன் மீளும் தன்மை குறையும். சற்று நேரம் ஓய்வாக விட்டால் மறுபடி பெறும். மாணவர்களுக்கு இதைப் பல முறை செய்து காட்டியிருக்கிறேன். பளுவை எடுக்க முடியாத நாட்களிலும், இறக்கி வைக்கும் இடைவெளி எங்கே இருக்கிறது என்றாவது தேட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

4. மேலமாசிவீதி

மாற்றுக் கருத்துக்கு மன்னிக்க வேண்டும். என் பாட்டி ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, விடியலில் நெல் குத்தி, வயலுக்கும் போய் வந்தவர். அவர் வாயில் மன அழுத்தம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. இந்தக் காலத்தில் ஒவ்வோர் உணர்வுக்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே நோயாக்கிக்கொள்கிறோம் என்று உண்மையாகவே கருதுகிறேன். பெயர் தெரியாமல் இருந்தவர்கள் தெம்பாக இருந்தார்கள்.

5. துணைநிலையம்

ஐயா, நான் 22 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். உங்கள் பாட்டியின் வயதொத்த பெண்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்பது உண்மை. “மேலெல்லாம் எரியுது தாயி”, “நெஞ்சைப் போட்டுப் பிசையுது”, “மண்டைக்குள்ள வண்டு ஓடுது”, “கைகாலெல்லாம் விட்டுப்போச்சு” என்று சொன்னார்கள். நாங்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். இரண்டாவது வாரமும் வந்தால் சத்து டானிக் கொடுத்தோம். ஒரு பெண் எட்டு மாதங்கள் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மட்டும் மாத்திரையை எடுக்காமல், “வீட்டில் என்னம்மா நடக்கிறது?” என்று கேட்டேன். ஒரு மணி நேரம் அழுதார். அவருக்குச் சொல் இல்லாததனால் துன்பம் இல்லாமல் போகவில்லை. எனக்குச் சொல் தெரியாததனால் எட்டு மாதங்கள் போயின.

ஆனால் சொல் குழப்பத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். செய்தித்தாள்களில் ‘மன அழுத்தம்’ என்று இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கும் எழுதுகிறார்கள். அன்றாட நெருக்கடியால் வரும் இறுக்கம் ஒன்று. மனச்சோர்வு என்ற நோய் இன்னொன்று. இறுக்கத்தில் இருப்பவருக்கு, ஒரு வாரம் விடுப்பும் நல்ல தூக்கமும் கிடைத்தால் பெரும்பாலும் தெளிவு வரும். மனச்சோர்வில் இருப்பவருக்கு விடுப்பிலும் எதுவும் இனிக்காது. இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், பசியும் தூக்கமும் மாறிவிட்டால், தன்னைக் குற்றவாளியாகவே எண்ணிக்கொண்டிருந்தால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும், மூச்சுப் பயிற்சியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவிலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கொள்ளிடக்கரை, உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன்: இவற்றில் எதுவும் உங்களுக்கு இருக்கிறதா?

6. கொள்ளிடக்கரை

அக்கா, கேட்டதற்கு நன்றி. நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். அப்படி இல்லை. போன மாதம் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். வயிறு சரியாக இருந்தது, இரண்டு இரவும் தூங்கினேன், சிரித்தேன். திரும்பி வந்த மறுநாள் மூன்று மணிக்கு விழித்துவிட்டேன். தகைவு என்று ஆசிரியர் ஐயா சொன்னது எனக்குப் பொருந்துகிறது. ஆனால் பளு இருந்த இடத்திலேயே இருக்கிறதே.

7. ரங்கநாதன்தெரு

நான் துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவள். எழுதுவது பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வேலை தொடங்கினால் இரவு வரை நிற்பதுதான். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே 2018இல் வந்துவிட்டது. நான் முன்பு இருந்த கடையில் முக்காலிகள் போட்டார்கள். உட்கார்ந்தால் மாடி மேற்பார்வையாளர் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். அந்த முக்காலியில் நாங்கள் துணிக் கட்டுகளை வைத்தோம். இப்போது இருக்கும் கடை சிறியது. வாடிக்கையாளர் இல்லாதபோது முதலாளியம்மாவே உட்காரச் சொல்வார். வேலை நேரம் ஏறக்குறைய அதேதான், சம்பளமும் அதேதான். ஆனால் இரவில் கால் குடைச்சலோடு சேர்ந்து வரும் அந்த எரிச்சல் எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் நாள் முழுவதும் உட்காருவதில்லை. உட்காரலாம் என்று தெரிந்திருப்பதே போதுமாக இருக்கிறது. இது ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8. ஆறாம்தளம்

சகோதரி, நீங்கள் எழுதிய கடைசி இரண்டு வரிகளைப் பற்றி உலகத்தின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று பேசுகிறது. தொழிலாளர் நலம் பற்றிப் படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதிக்கு வைட்ஹால் என்று பெயர். 1967இல் தொடங்கி அங்கே பணிபுரிந்த சுமார் 18,000 ஆண் ஊழியர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. நடந்தது நேர்மாறாக இருந்தது: பதவி இறங்க இறங்க இதயநோய் ஏறியது. புகைபிடித்தல், கொழுப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அந்த ஏற்றம் முழுதாக மறையவில்லை. இரண்டாவது ஆய்வில் வெளிப்பட்ட முக்கியமான காரணங்களில் ஒன்று, தன் வேலையைத் தானே எந்த அளவுக்குத் தீர்மானிக்க முடிகிறது என்பது. அமெரிக்கரான ராபர்ட் கரசெக் 1979இலேயே இதை ஒரு கோட்பாடாக எழுதியிருந்தார்: வேலைச்சுமை மட்டும் ஆளை அரிப்பதில்லை, சுமை அதிகமாகவும் பிடி குறைவாகவும் இருக்கும் வேலைதான் அரிக்கிறது.

இதனால்தான் “மனசை லேசாக வைத்துக்கொள்” என்ற அறிவுரை என்னைக் கோபப்படுத்துகிறது. முக்காலியில் உட்கார முடியாமல் மேற்பார்வையாளரின் கண்ணுக்கு அஞ்சி நிற்கும் பெண்ணிடம் மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லிவிட்டுப் போவது, பளுவை வைத்தவரை விட்டுவிட்டுக் கம்பியைக் குறை சொல்வதாகும். கொள்ளிடக்கரை அவர்களே, கையிருப்புக் குறைவை ஊழியர் தன் கையிலிருந்து கட்டும் பழக்கம், காசாளருக்குக் காப்பீட்டு இலக்கு வைப்பது, தனி வரிசை இல்லாமல் முதியவர்களை நிற்க வைப்பது ஆகியவை உங்கள் மனத்தின் குறைகள் அல்ல. இவற்றைச் சங்கத்திலும் மேலாளரிடமும் எழுத்தில் வைக்க வேண்டும். எல்லாம் மாறிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஒன்று மாறினாலும் உங்கள் பிடி கூடும், அந்தப் பிடிதான் இங்கே மருந்து.

9. இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் நான். ஆறாம்தளம் எழுதியதை முழுதாக ஏற்கிறேன். ஆனாலும் சங்கம் பதில் போடும்வரை கொள்ளிடக்கரை அக்கா நாளை காலையும் 8.10 பேருந்தைப் பிடிக்க வேண்டும் அல்லவா? அந்த நாளுக்குள் என்ன செய்யலாம் என்று எங்கள் பிரிவில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நம்மால் நேரடியாகக் கட்டளையிட முடியாத இதயத்துடிப்பை மறைமுகமாகத் தொடுவதற்கு இருக்கும் எளிய கைப்பிடி மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக மெதுவாகும். ஆகவே வெளியே விடும் நேரத்தை நீட்டினால் போதும். நான்கு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். கண்ணை மூட வேண்டியதில்லை, பாய் விரிக்க வேண்டியதில்லை. நோட்டு எண்ணும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அடுத்த டோக்கன் எண் விளக்கு மாறும் இடைவெளியில், மூன்று மூச்சு விடலாம். அது பெரிய மாற்றம் எதையும் செய்யாது. ஏறியது தணியாமல் அடுத்தது ஏறுகிறது என்று மூன்றாம்வரிசை ஐயா சொன்னாரே, அந்த ஏற்றத்தின் நடுவில் சிறு இறக்கத்தைத் தரும்.

தாடைக்கு வேறு வழி. எட்மண்ட் ஜேகப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வகுத்த முறை அது. இறுகியிருக்கும் தசையைத் தளர்த்து என்று சொன்னால் உடம்புக்குப் புரிவதில்லை. முதலில் அதை வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டால் தளர்ச்சி எப்படி இருக்கும் என்று தெரிகிறது. படுத்ததும் பாதம், கெண்டைக்கால், தொடை, கை, தோள், கடைசியில் தாடை என்று ஒவ்வொன்றாக ஐந்து நொடி இறுக்கி விட்டுப் பாருங்கள். இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

காப்பியைப் பற்றியும் கேட்க வேண்டும். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு டேலி முடிந்த நிம்மதியில் ஒரு டம்ளர் குடித்தால், பதினொரு மணிக்கும் அதில் பாதி இரத்தத்தில் இருக்கும். இறுதியாக, கூடுமானால் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்து போங்கள். ஓடுவதற்காக உடம்பு சேர்த்து வைத்ததை எங்காவது கொஞ்சம் நடந்து செலவழிக்க வேண்டும். மருத்துவமனை உடுப்போடு நான் வீட்டுக்குள் நுழைந்தால் அன்று வீட்டில் சண்டை நடக்கும். இருபது நிமிடம் நடந்து நுழைந்தால் பெரும்பாலும் நடப்பதில்லை.

10. தாமிரபரணி67

தியானம் எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பத்து நாள் முகாமுக்குச் சென்றேன். அமைதியாக உட்கார்ந்ததும், ஆண்டுக்கணக்கில் தள்ளி வைத்திருந்த ஒரு சாவின் நினைவு அப்படியே எழுந்து வந்தது. ஊர் திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் அடங்கவில்லை. தியானம் செய்து பலன் இல்லையென்றால் உன் முயற்சி போதவில்லை என்றார்கள். அந்தச் சொல்தான் அதிகமாக வலித்தது.

11. மூன்றாம்வரிசை

தாமிரபரணி, உங்கள் முயற்சியில் குறை இல்லை. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி பல நோயாளிகளுக்கு உதவியிருக்கிறது. ஆனால் சிலருக்குத் தியானத்தால் பதற்றம் கூடுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். துக்கமோ பழைய காயமோ இருப்பவர்கள் தனியே நீண்ட நேரம் உட்காருவதைவிட, பயிற்சி பெற்ற ஓர் ஆளின் துணையோடு பேசுவது நல்லது. நடை, தோட்ட வேலை, கோலம், பஜனை, கைத்தறி போன்ற உடம்பை ஈடுபடுத்தும் எதுவும் சிலருக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும்.

எழுதிப் பார்ப்பதும் ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வை எழுதினார்கள். உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள் அதற்குப் பிந்தைய மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவே தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே முதல் பதிவை எழுதி முடித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது, கொள்ளிடக்கரை?

12. மண்ணச்சநல்லூர்

இந்த இழையில் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த வீட்டில் கணவர் இருக்கிறார். படுத்திருப்பவர் அவருடைய தாயார். 4.45க்கு எழுபவர் ஏன் ஒருவர் மட்டும்?

குற்றம் சாட்டும் உரிமை எனக்கு இல்லை. என் தாயார் படுக்கையில் இருந்த மூன்று ஆண்டுகள் என் மனைவிதான் பார்த்தார். நான் மருந்து வாங்கி வருவேன், பணம் கட்டுவேன், அதையே பெரிய பங்கு என்று நினைத்திருந்தேன். அவருக்குக் கையில் கரண்டி பட்ட சிறு காயம் ஆறாமலேயே இருந்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995இல் செய்த ஆய்வைப் பற்றிப் பின்னால் படித்தேன். மறதி நோய் உள்ள உறவினரைப் பராமரித்த 13 பெண்களுக்கும், அதே வயதும் வருமானமும் கொண்ட வேறு 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவில் சிறு காயம் உண்டாக்கி ஆறும் நாட்களைக் கணக்கிட்டார்கள். பராமரித்தவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக ஆயின. சிறிய ஆய்வுதான். என் மனைவியின் காயத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. அம்மா போன பிறகு படித்தேன்; என் மனைவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் கணவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்தப் பதிவை அவரிடம் காட்டுங்கள் சகோதரி.

13. கொள்ளிடக்கரை (நவம்பர் 5)

ஏழு வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மண்ணச்சநல்லூர் அண்ணாவின் பதிவைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது அம்மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் வாரம் படுக்கை விரிப்பை மாற்றத் தெரியாமல் திணறினார். மாமியாருக்கும் மகனிடம் கூச்சம். இப்போது காலை அவருடையது, இரவு என்னுடையது. நான் 5.30 வரை படுத்திருக்கிறேன். நாத்தனார் மாதம் இரண்டு ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்; நாங்கள் கேட்டதே இல்லை என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

ஆறாம்தளம் சொன்னபடி மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தேன். காப்பீட்டு இலக்கு அப்படியே இருக்கிறது. கையிருப்புக் குறைவு பற்றிச் சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது மட்டும் நடந்தது. நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வருவார்கள். ஆண்டுதோறும் என் வரிசையில்தான் நிற்பார்கள். இந்த ஆண்டு அவர்களுக்குத் தனி மேசையும் பத்து நாற்காலிகளும் போட்டிருக்கிறார்கள். எண்பது வயதைக் கடந்தவர்களை அக்டோபரிலேயே வரச் சொல்லிப் பலகையில் எழுதி வைத்தோம். விரல்ரேகை பதியாத பெரியவர்களுக்கு முகப்பதிவு செய்துகொடுக்க ஓர் இளம் ஊழியரை உட்கார வைத்திருக்கிறார் மேலாளர். திங்கட்கிழமை என் கவுன்ட்டர் முன்னால் முதன்முறையாகப் பணம் போடுபவர்களும் எடுப்பவர்களும் மட்டுமே நின்றார்கள்.

நீண்ட மூச்சு உதவுகிறது, குறிப்பாகச் சர்வர் நிற்கும்போது. தசைப் பயிற்சியில் தோள் வரை போவதற்குள் தூங்கிவிடுகிறேன். தாடையை ஒரு நாளும் எட்டவில்லை, பல் கடிப்பதும் நிற்கவில்லை. பல் மருத்துவர் இரவில் அணியும் உறை ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். மாலைக் காப்பியை நிறுத்திவிட்டேன். முதல் நான்கு நாள் தலைவலி இருந்தது. நடை மட்டும் முடியவில்லை, இருட்டிவிடுகிறது; அதற்குப் பதிலாக மதியம் கிளையைச் சுற்றிப் பத்து நிமிடம் நடக்கிறேன். மூன்று மணி விழிப்பு வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்திருக்கிறது. சென்ற வாரம் இரத்த அழுத்தம் 128/82. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

முதல் பதிவை எழுதி முடித்தபோது எப்படி இருந்தது என்று மூன்றாம்வரிசை ஐயா கேட்டார். எழுதிய இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் மகனை உட்கார வைத்து, அன்று கத்தியது அவன் கேட்ட கணக்குக்காக இல்லை, 4,500 ரூபாய்க்காக என்று சொன்னேன். அவனுக்கு அந்தப் பணம் பற்றித் தெரியவே தெரியாது. “அப்பவே சொல்லியிருக்கலாம்ல அம்மா” என்றான். நேற்று தொகையிடலில் ஒரு கணக்கோடு வந்தான். எனக்கு அது மறந்துபோய்விட்டது. இருவரும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டோம், ஒன்பதரை மணி ஆகிவிட்டது.